திசைகளை யார் நடத்துவது?

மார்ச் 3

மேட்டுப் பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு,

இங்கே நானும் நம் வாலுவும் சுகம். அங்கே உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? பள்ளிக்கூடத்தைக் கொண்டுபோய் அந்த மேட்டில் கட்டியவர் யாரென்று தெரிந்தால் நாலு வார்த்தை கேட்கலாம். போனிலேயே விசாரித்திருப்பேன். ஆனால் போனில் பேசினால் ஐந்தாவது நிமிஷம் நமக்குள் சண்டை வருகிறது, இனிமேல் கடிதம்தான் என்று ஒப்பந்தம் போட்டது நீங்கள். கடிதத்தில் சண்டை போட எனக்கும் சோம்பலாகத்தான் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற வருஷத்துப் பாடத்திட்டத்தை வகுக்கிற பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். தலைமையாசிரியர் கூப்பிட்டு உட்காரவைத்து, "டீச்சர், கம்ப்யூட்டருக்கு நாலு பீரியட் வேணும். தொழில் திறன்னு புதுசா ஒண்ணு வருது, அதுக்கு ரெண்டு. ஆனா கடைசி பெல் அடிக்கிற நேரத்த மட்டும் மாத்தக்கூடாது" என்றார். வாரத்துக்கு நாற்பது பீரியட். நாற்பதும் நிறைந்து கிடக்கிறது. ஆறை உள்ளே நுழைக்க வேண்டுமென்றால் ஆறை வெளியே தள்ள வேண்டும். யாருடையதைத் தள்ளுவது?

சாப்பாட்டு மேஜை முழுக்கச் சீட்டுகள். பாடத்துக்கு ஒரு நிறம், பீரியடுக்கு ஒரு சீட்டு. ஃபேன் போட்டால் கணக்குப் பாடம் பறந்து சமையலறைக்குப் போய்விடுகிறது. அதனால் ஃபேன் கிடையாது, சாப்பாடு தரையில். வாலு முணுமுணுக்கிறாள். கணக்கு வாத்தியார் தினமும் சாயங்காலம் வருகிறார். "சும்மா, இந்தப் பக்கமா வந்தேன் டீச்சர்" என்பார். நின்ற இடத்திலிருந்தே தன்னுடைய நீலச் சீட்டுகளை எண்ணிப் பார்த்துவிட்டுப் போவார்.

இன்னொன்று. எங்கள் குளோப் டீச்சர் மே மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். புவியியலுக்கு இங்கே ஆள் இருக்காது. ஒரு தகவலுக்காகத்தான் எழுதுகிறேன். மாறுதல் என்ற பேச்சை எடுப்பதில்லை என்பதும் நம் ஒப்பந்தத்தில் உண்டு. எனக்கு மறக்கவில்லை.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போங்கள்.

உங்கள் சீட்டுக்காரி


மார்ச் 12

டைம்டேபிள் மகாராணிக்கு,

முழங்கால் நலம். அதைச் சுமக்கிறவனும் நலம். நீயும் வாலுவும் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள் என்று படித்துச் சிரித்தேன். கணக்கு வாத்தியார் வரும்போது ஒரு நீலச் சீட்டை ஒளித்துவைத்துப் பார். மனுஷன் அன்றைக்கு வீட்டுக்குப் போகமாட்டார்.

இங்கே எல்லாம் வழக்கம்போல. பத்தாம் வகுப்புக்குக் காற்றுகள் நடத்தி முடித்தேன். ஜன்னல் கதவு படபடவென்று அடித்துக்கொண்டிருந்ததால் படம் போடும் வேலை மிச்சம். எத்தனை வருஷம் நடத்தினாலும் இந்தப் பாடம் எனக்குச் சலிப்பதில்லை. அசடு என்று சொல்லிக்கொள்.

குளோப் டீச்சர் ஓய்வு பெறுவது நிச்சயமா? இன்னும் ஒரு வருஷம் நீட்டித்துக் கேட்கமாட்டாரே? சும்மா கேட்டேன்.

வாலுவிடம் சொல், விடுமுறைக்கு வரும்போது ஒரு சமாசாரத்தோடு வருவேன் என்று. என்ன சமாசாரம் என்று குடைவாள். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடு. உண்மையிலேயே உனக்குத் தெரியாதே.

நேரத்துக்குச் சாப்பிடு.

மேட்டு வாத்தியார்


ஏப்ரல் 6

வாத்தியாருக்கு,

இருவரும் நலம். உங்கள் நலம் அறிய ஆவல் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

ஒரு மாதமாக என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஒரு சீட்டை எடுப்பேன், வேறிடத்தில் வைப்பேன், எழுந்து வாசல்வரை போவேன், திரும்பி வந்து பழைய இடத்திலேயே வைப்பேன். அறிவியலில் ஒன்றைக் குறைத்தால் ஆய்வுக்கூடம் பாதியில் நிற்கும். வரலாற்றுக்காரரிடம் ஒன்று கேட்டால் அவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறார். எல்லாச் சீட்டுக்குப் பின்னாலும் ஒரு ஆள் நிற்கிறார்.

பிறகுதான் பட்டது. ஆள் இல்லாத பாடம் ஒன்று இருக்கிறதே! புவியியலின் நாலு சீட்டையும் எடுத்துவிட்டேன். மொழிப்பாடத்தில் ஒன்று, வரலாற்றில் ஒன்று, ஆக ஆறு. இனி மாதத்துக்கு ஒரு பொருள், தண்ணீர், சாலை, உணவு என்று. அதையே எல்லாப் பாடத்திலும் நடத்துவோம். புவியியல் அதற்குள் கரைந்துவிடும், தனியாக ஒரு ஆசிரியர் வேண்டாம். தலைமையாசிரியர் பார்த்துவிட்டு, "இது யாருக்கும் தோணலையே டீச்சர்" என்றார்.

சும்மா கேட்கிறவர்களுக்கும் தெரியட்டும் என்று எழுதுகிறேன். உங்கள் பாடத்தைத் தூக்கிவிட்டேன் என்று கோபமா? கோபமென்றால் கோபம் என்று எழுதுங்கள்.

விடுமுறைக்கு என்றைக்கு வருகிறீர்கள்? வாலு சமாசாரத்துக்காகத் தவிக்கிறாள்.

சீட்டுக்காரி


மே 2

அன்புள்ளவளுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள். பதில் தாமதமாகிவிட்டது, விடைத்தாள் திருத்தும் வேலை.

கோபம் எதற்கு? நல்ல திட்டம். ஆனால் கரைந்துவிடும் என்று விட்டுவிடாதே, யார் எதைச் செய்வது என்று பிரித்துக் கொடு. வரைபட அளவைக் கணக்குக்குக் கொடு. விகிதம் நடத்துகிற மாதத்திலேயே வைத்துவிடு, அவருக்கும் உதாரணம் கிடைக்கும். மழையும் காற்றும் அறிவியலுக்கு. ஆனால் காற்றை அழுத்தம் நடத்திய பிறகு வை, முன்னால் வைத்தால் பிள்ளைகள் மனப்பாடம்தான் செய்வார்கள். துறைமுகம், பயிர், சந்தை எல்லாம் வரலாற்றுக்காரருக்கு. ஒரு இடத்தைக் கண்ணில் நிற்கிறமாதிரி எழுதுவது உன் மொழிப்பாடத்துக்கு.

ஒன்றை மட்டும் பொதுவில் விடாதே. திசை. அது சின்ன விஷயம், அதனால் எல்லோரும் மற்றவர் நடத்தியிருப்பார் என்று நினைப்பார்கள். முதல் வாரமே ஒருவர் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போய் நிறுத்தித் திருப்பிக் காட்ட வேண்டும். யார் என்று பேர் போட்டுவிடு.

விடுமுறைக்கு வரமுடியாது போலிருக்கிறது. ஹாஸ்டலில் வெள்ளையடிக்கிறார்கள், மேற்பார்வை என் தலையில் விழுந்துவிட்டது. வாலுவிடம் சமாசாரம் என்று சொன்னேனே, அது ஒன்றுமில்லை. ஒரு பொம்மைக் கப்பல் பார்த்துவைத்திருந்தேன், கடையில் தீர்ந்துவிட்டது.

உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

வாத்தியார்


மே 20

ஹாஸ்டலுக்கு வெள்ளையடிக்கிறவருக்கு,

நாங்கள் இருக்கிறோம். விடுமுறை முழுக்க வாலு ஜன்னலோரம் படுத்துக் கதைப்புத்தகம் படித்தாள். கப்பல் சேதியைச் சொன்னதும், "எனக்குப் பதிமூணு வயசு. அப்பா என்னை யாருன்னு நெனச்சுட்டு இருக்காரு?" என்று கேட்டாள். எனக்கும் அதேதான் தோன்றியது.

நீங்கள் பிரித்துக் கொடுத்தபடியே போட்டேன். அழுத்தத்துக்குப் பிறகு காற்று என்றதும் அறிவியல் டீச்சர், "இத யாரு சொன்னது?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் ஒருவர் இருக்கிறார், ஆனால் வீட்டில் இருப்பதில்லை என்றேன்.

திசைக்குப் பேர் போடத்தான் நினைத்தேன். கணக்கு வாத்தியார், "மைதானத்துக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள பாதி பீரியட் போயிடும்" என்றார். அறிவியல் டீச்சருக்கு வெயில் ஒத்துக்கொள்ளாதாம். அன்றைக்கே திட்டத்தை அனுப்ப வேண்டும். 'நடத்துபவர்' என்ற கட்டத்தில் 'அனைத்து ஆசிரியர்களும்' என்று போட்டேன். மற்றக் கட்டங்களுக்கெல்லாம் அடித்துக்கொண்டவர்கள் இதற்கு மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் தலையாட்டினார்கள்.

நிர்வாகத்தின் செயலாளருக்குத் திட்டம் மிகவும் பிடித்துவிட்டது. நம் நிர்வாகம் நடத்துகிற ஐந்து பள்ளிகளிலும் இந்த வருஷமே இதுதான் என்கிறார். அப்படியென்றால் உங்கள் பள்ளியிலும்தானே? உங்களை என்ன செய்வார்கள்? வரலாறு கொடுப்பார்களா? இதை யோசிக்காமல் எல்லோருடைய கைதட்டலையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வந்ததிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. உடனே எழுதுங்கள்.

சீட்டுக்காரி


ஜூன் 28

மகாராணிக்கு,

மூவரும் நலம், நான், முழங்கால், வெள்ளையடித்த ஹாஸ்டல்.

என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். எனக்கு எல்லாவற்றிலும் கொஞ்சம் கொடுத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை ஆறாம் வகுப்பில் பிள்ளைகள் பொத்தான் தைத்தார்கள். ஒருவன் பொத்தானைத் தன் சட்டையோடும் மேஜை விரிப்போடும் சேர்த்தே தைத்துவிட்டு எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தான். மறுநாள் ஏழாம் வகுப்பில் பின்னம். ஒரு பெண், "சார், அரையில பாதி கால்னு ஒத்துக்கறேன். கால்ல பாதிக்கு ஏன் பேரு வைக்கல?" என்று கேட்டாள். அரைக்கால் என்று ஒரு பேர் இருக்கிறது என்றேன். "இருக்கா!" என்று அப்படி ஒரு சந்தோஷம். வியாழக்கிழமை ஒன்பதாம் வகுப்பில் இலக்கணம். உன் மரியாதையைக் காப்பாற்றினேன் என்று நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டு மைதானத்தில் நின்றேன்.

பொழுது போவதே தெரியவில்லை. உன் திட்டம் நன்றாக நடக்கிறது.

வாலுவுக்கு என் அன்பு. பதிமூன்று வயது என்பது எனக்கும் தெரியும் என்று சொல்.

வாத்தியார்


ஜூலை 15

அன்புள்ள அப்பா,

நான் நல்லா இருக்கேன், நீங்களும் நல்லா இருக்கணும். அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன், காட்டிக்கொடுக்காதீர்கள்.

இந்த மாதம் எங்களுக்குத் தண்ணீர். எங்கள் தெருவை வரைந்து மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்ட வேண்டும். மேலே வடக்கு இருக்க வேண்டுமாம். வடக்கு எது? சயின்ஸ் மிஸ்ஸிடம் கேட்டேன். "மேப் கணக்கு சார் வேலை" என்றார். கணக்கு சார், "எனக்கு அளவு மட்டும்தான். திசையெல்லாம் சயின்ஸ்ல முடிச்சிருப்பாங்களே" என்றார். வரலாறு சார், "இது தெரியாமலா எட்டாவதுக்கு வந்தே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அவருக்கே தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். அம்மாவிடம் கேட்டேன். "அத எல்லாரும்தான் நடத்தணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

அப்பா, மேஜையில் சீட்டெல்லாம் எடுத்தாகிவிட்டது. ஆனாலும் அம்மா அந்த மேஜையைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். நாங்கள் இன்னும் தரையில்தான் சாப்பிடுகிறோம். ஏன் என்று கேட்டால், "மறந்துட்டேன்" என்கிறார்கள்.

கப்பல் வேண்டாம். ஆள் வந்தால் போதும்.

இப்படிக்கு
வாலு


ஜூலை 24

என் வாலுவுக்கு,

அப்பா நலம். காட்டிக்கொடுக்கமாட்டேன்.

நாளைக் காலையில் வாசலுக்கு வா. வலது கையைச் சூரியன் வந்த பக்கம் நீட்டு. இப்போது உன் முகம் பார்க்கிற பக்கம் வடக்கு. முதுகுக்குப் பின்னால் தெற்கு. இடது கைப் பக்கம் மேற்கு. அவ்வளவுதான் பாடம், இதற்கு ஒரு சார் கூடத் தேவையில்லை. வடக்கைப் பார்த்து நின்று கொஞ்சம் இடது பக்கமாகத் திரும்பினால் நேரே நான் இருக்கிறேன். நடுவில் நிறைய ஊர் இருக்கிறது, பரவாயில்லை.

அம்மாவிடம் இந்தத் திசைப் பாடத்தைப் பற்றி இனி ஒன்றும் கேட்காதே. பத்துப் பேர் இழுக்கிற பக்கமெல்லாம் போகாமல் ஒரு திட்டம் போடுவது லேசான வேலை இல்லை. இலேசாக ஃபேனைப் போட்டு, மேஜையில் நீயே தட்டு எடுத்து வை. கவனிக்கிறாளா பார்.

அப்பா


ஆகஸ்ட் 19

உங்களுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நீங்கள் நலம் என்று எழுதினாலும் இனி நம்பமாட்டேன்.

திட்டத்தில் சில திருத்தம் கேட்டு நிர்வாக அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அங்கே கண்காணிப்பாளர் தேநீர் கொடுத்துவிட்டுச் சாதாரணமாகச் சொல்கிறார்: "உங்க வீட்டுக்காரர் மார்ச்லயே மாறுதல் கேட்டிருந்தாரே டீச்சர். குளோப் டீச்சர் இடம் அவருக்குத்தான்னு முடிவாகியிருந்தது. ஆர்டர் அடிக்கப் போறோம், அதுக்குள்ள நீங்க அந்த இடத்தையே எடுத்துட்டீங்க. ரெண்டு பேரும் வீட்ல பேசிக்கவே மாட்டீங்களா?"

தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். அதுதான் சமாசாரமா? பொம்மைக் கப்பலா அது?

வீட்டுக்கு வந்து உங்கள் ஜூன் மாதத்துக் கடிதத்தை எடுத்தேன். பொத்தான், பின்னம், இலக்கணம், விசில். நான் டைம்டேபிள் போடுகிறவள். ஒரே வாரத்தில் நாலு வகுப்புக்கு நாலு பாடம் எடுக்கப் போகிறவருக்கு என்ன பேர் என்று எனக்குத் தெரியாதா? யார் லீவோ அவர் வகுப்பில் போய் உட்கார்கிறவர். சப்ஸ்டிட்யூஷன். காற்றுகளைப் பற்றி எழுதினால் பக்கம் போதாதே உங்களுக்கு, இந்த வருஷம் ஒரு வரிகூடக் காற்று இல்லையே. அதையும் சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறீர்கள், நானும் சிரித்திருக்கிறேன்.

ஏன் சொல்லவில்லை? ஏப்ரலில் ஒரு வரி எழுதியிருந்தால் அந்த நாலு சீட்டையும் திரும்ப வைத்திருப்பேன். அதற்குப் பதில் உங்கள் பாடத்தை எப்படிக் கூறுபோடுவது என்று எனக்கே வகுப்பு எடுத்தீர்கள்.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். ஆள் இல்லாத பாடம் என்று கண்டுபிடித்ததாக எழுதினேன், அது பாதி. இடம் காலியாகிறது என்று நான் எழுதியதற்கு நீங்கள் "சும்மா கேட்டேன்" என்றீர்கள். வர மனசில்லை என்று நினைத்தேன். ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த ஆத்திரத்தில்தான் மேஜையிலிருந்து முதலில் உங்கள் சீட்டை எடுத்தேன். மற்றதெல்லாம் பிறகு சொல்லிக்கொண்ட காரணம்.

பதில் எழுதுங்கள். சிரிப்பாக ஒன்றும் எழுதவேண்டாம்.


செப்டம்பர் 2

அன்புள்ளவளுக்கு,

உடம்பு நலம். மற்றபடி நீ கண்டுபிடித்தது எல்லாம் சரி.

உன் முன்னால் வந்து நின்று ஆர்டரைக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இரண்டு வருஷமாக மாறுதல் பற்றிப் பேசிப் பேசிச் சண்டை போட்டோமே, இந்தத் தடவை பேசாமல் செய்துவிடலாம் என்று. உன் ஏப்ரல் கடிதம் வந்தபோது நீ அவ்வளவு சந்தோஷமாக இருந்தாய். யாருக்கும் தோன்றாதது உனக்குத் தோன்றியது என்று எழுதியிருந்தாய். அதில் கொண்டுபோய் என் விண்ணப்பத்தை எப்படிப் போடுவது?

கோபம் இருந்ததா என்று கேட்டாய். இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. வெள்ளையடிக்கிற வேலை என் தலையில் விழவில்லை, நானே கேட்டு வாங்கினேன். உன் முகத்தைப் பார்த்தால் கொட்டிவிடுவேன் என்று பயம்.

பிள்ளைகள் நல்லவர்கள். ஆனால் எந்த வகுப்பிலும் மறுநாள் என்று ஒன்று இல்லை. இன்றைக்கு ஒருவன் ஒரு கேள்வி கேட்டால் நாளைக்கு வந்து சொல்கிறேன் என்று சொல்ல முடியாது. அது ஒன்றுதான் என்னைத் தின்கிறது.

எனக்காக ஒரு சீட்டையும் நகர்த்தாதே. வீட்டுக்காரருக்காகச் செய்தாள் என்று பேசுவார்கள். உன் உழைப்பு வீணாகக் கூடாது.

வாத்தியார்


செப்டம்பர் 23

வாத்தியாருக்கு,

நான் நலம். இந்தத் தடவை நிஜமாகவே. வாலு பல வாரமாக மேஜையில் தட்டு வைத்து ஃபேனைப் போட்டுவிட்டு என் முகத்தையே பார்க்கிறாள். கடைசியில் என்னவென்று கேட்டேன். "அப்பாடா!" என்றாள்.

பதினைந்து நாளுக்கு முன் செயலாளர் எங்கள் பள்ளியைப் பார்க்க வந்தார். எட்டாம் வகுப்புக்குள் போனார். சுவரெல்லாம் தண்ணீர்ப் படம், ஆளுயர அணைக்கட்டு, பார்த்துப் பூரித்துப்போனார். போகிற போக்கில், "வடக்கு எதும்மா?" என்று வகுப்பைக் கேட்டார். எல்லாக் கையும் உயர்ந்தது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம். ஒருவன் கூரையைக் காட்டினான், வரைபடத்தில் வடக்கு மேலேதானே இருக்கும் என்று. சரியாகக் காட்டியவள் ஒருத்திதான். அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. செயலாளர் ஆசிரியர்களைத் திரும்பிப் பார்த்தார். ஆசிரியர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நேற்று ஐந்து பள்ளிக்கும் கூட்டம். நான் எழுந்து நின்று, அந்தக் கட்டத்தில் 'அனைத்து ஆசிரியர்களும்' என்று எழுதியது நான், அப்படி எழுதினால் யாரும் இல்லை என்று அர்த்தம், புவியியல் தனியாகத் திரும்பி வரவேண்டும் என்றேன். கணக்கு வாத்தியார் உடனே வரைபட அளவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பாடத்தைத்தான் கொடுத்தார், பீரியடைக் கொடுக்கவில்லை. தொழில் திறன் இரண்டையும் கொடுக்கத் தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டார். மீதி இரண்டு என் மொழிப்பாடத்திலிருந்து.

செயலாளர் யோசித்தார். "சரி, இந்த வருஷம் ஒரு ஸ்கூல்ல வச்சுப் பாப்போம். எந்த ஸ்கூல்?" என்றார்.

"எங்க ஸ்கூல்."

"ஆள் இருக்கா?"

"இருக்கார். என் வீட்டுக்காரர்."

வரலாற்றுக்காரர் சிரித்தார். "அப்ப திட்டமே இதுக்குத்தானா டீச்சர்?" என்றார். எனக்கு முகம் சுட்டது. ஆனால் உட்காரவில்லை. "மார்ச்லயே வாயத் தொறந்து கேட்டிருக்கணும் சார். கேக்காம இருந்ததாலதான் இவ்வளவும்" என்றேன்.

செயலாளர் சிரிக்கவில்லை. ஒரே வீட்டில் ஒருவர் பீரியட் பிரிக்க, இன்னொருவர் வாங்கிக்கொள்வது சரியாக வராது, இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்றார். இன்று காலை சீட்டுப்பெட்டியைக் கணக்கு வாத்தியாரிடம் கொடுத்துவிட்டேன். மனசு அடித்துக்கொண்டது, பொய் சொல்லமாட்டேன். அந்த வேலை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அவர் வாங்கியதும் முதல் வேலையாக நீலத்தை எண்ணினார். அடுத்த வருஷம் உங்கள் பீரியடில் கைவைப்பார், இப்போதே சொல்லிவைக்கிறேன்.

ஆர்டர் உங்கள் பள்ளிக்கு வந்துகொண்டிருக்கிறது. மாறுதல். பாருங்கள், எழுதிவிட்டேன். சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். நீங்கள் இல்லாமல் எனக்கு இந்த வீட்டில் இருக்க முடியவில்லை. வருகிறீர்களா?

உங்கள் சீட்டில்லாதவள்


அக்டோபர் 18

என் மகாராணிக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமாக இருங்கள், நான் வந்து பார்க்கிறவரையிலாவது.

பதில் வராமல் நீ தவித்திருப்பாய். ஆர்டர் வந்த அன்றைக்கே கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டேன். உனக்கு எழுத உட்கார்ந்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. நான் போனால் இங்கே பிள்ளைகளுக்குத் திசையை யார் காட்டுவார்கள்? இங்கேயும் அந்தக் கட்டத்தில் அனைத்து ஆசிரியர்களும்தானே இருக்கிறார்கள். சப்ஸ்டிட்யூஷனில் ஒரு லாபம், நான் போகாத வகுப்பே கிடையாது. யார் லீவு போட்டாலும் அந்த வகுப்பை நேரே மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிரிவு மட்டும் பாக்கி. அந்த டீச்சர் லீவே போடுவதில்லை. நானே போய், "ஒரு நாள் தலைவலின்னு சொல்லுங்க டீச்சர்" என்று கெஞ்சினேன். இன்றைக்கு அவருக்குத் தலைவலி.

வலது கை, சூரியன், முகம், முதுகு. எல்லோரும் சரியாகத் திரும்பினார்கள். "இப்ப அவங்கவங்க வீடு எந்தப் பக்கம்னு கை நீட்டுங்க" என்றேன். நாலா பக்கமும் கைகள். இந்தத் தடவை எல்லாமே சரி. அப்போது ஒரு பெண் கேட்டாள், "சார், உங்க வீடு எந்தப் பக்கம்?"

தெற்கே திரும்பி, கொஞ்சம் கிழக்கே சாய்த்துக் கை நீட்டினேன். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருஷமும் எந்த வகுப்பில் நின்றாலும் அந்தப் பக்கம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. பிள்ளைகள் என் விரல் போன திசையைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"சார், அது கக்கூஸ் சார்!" என்றாள்.

மைதானமே சிரித்தது. நானும் சிரித்தேன். "ஆமாம்மா, அதத் தாண்டித்தான்" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரித்ததால் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வந்துவிடுவேன். மேஜையில் மூன்று தட்டு வை. ஃபேனைப் போடு.

உன் வாத்தியார்